துணியின் ஆயுட்கணக்கு

நாம் வசிக்கும் அண்ணனூரில் மின்சார ரயில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை ஒன்று உண்டு. வண்டியை வாங்கிய விலையோடு அதன் செலவு முடிந்துவிடுவதில்லை. கழுவுவதும், உறுப்புகளை மாற்றுவதும், இறுதியில் உடைத்து விற்பதும் அதன் கணக்கில் சேர்ந்தவையே. நெய்யும் துணிக்கு மட்டும் நூல் விலை, சாய விலை, கூலி, இலாபம் என்ற அளவில் கணக்கை மூடிவிடுகிறோம். அது போதாது என்று வாங்குவோர் இப்போது சொல்லத் தொடங்கியுள்ளனர்.

பருத்தி விளைந்த வயல் தொடங்கி, நூற்பு, சாயம், நெசவு, துவைத்தல், கந்தலாகிக் குப்பையில் சேர்தல் ஈறாக ஒரு பொருள் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் விளைக்கும் கேடு எவ்வளவு என்று கணிப்பதே ஆயுட்கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே இதனைத் தன் பொருட் கொள்கைக்கு அடிப்படையாகக் கொண்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த அதன் சட்டம், ஒவ்வொரு பொருளும் தன் வரலாற்றைக் கூறும் மின்னணுச் சீட்டுடன் செல்ல வழி செய்கிறது. முதலில் விதி வகுக்கப்படும் பொருள்களில் ஆடையும் ஒன்று.

இது கடல் கடந்த விஷயம் என்று எண்ணுவோர் 1994-ஐ நினைவுகூர்தல் நலம். புற்றுநோய் விளைக்கும் பொருளாகப் பிரியக்கூடிய அசோ சாயங்களை அவ்வாண்டு ஜெர்மனி விலக்கியது. 1997-ல் நம் மத்திய அரசும் 70 அசோ சாயங்களைக் கையாளுவதைத் தடை செய்தது.

நொய்யலாற்றில் நேர்ந்தது இதனினும் பெரிய பாடம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணியில் தங்காத அவ்வுப்பு நீரோடு போகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைத் தூய்மை செய்யும் முறை உப்பைத் தொடுவதேயில்லை. தமக்கென்று கட்டிய அணையைத் திறக்க வேண்டாமென்று உழவரே கேட்கும் காலம் வந்தது. ஆயக்கட்டுதாரர் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பனியன் விலையில் என்றும் எழுதப்படாத தொகையை முதலில் உழவரும், பின்னர் வேலையிழந்த தொழிலாளரும் கட்டினர். இன்று அங்கே நீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகின்றனர். பாராட்டத்தக்கதே. ஆயினும் உப்புநீரை வற்றச் செய்ய எரிபொருள் வேண்டும்; மிஞ்சும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். அவையும் கணக்கில் ஏறவேண்டியவையே.

‘எங்கள் தறிக்கு மின்சாரமே இல்லை’ என்று கைத்தறியாளர் பெருமை கொள்வர். தறியளவில் அது நியாயம். சாயத்தொட்டியை மறந்த பெருமை அது. ஒரு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் ‘சிவப்பு, 5 கிலோ’ என்றிருந்தது. எந்தச் சிவப்பு என்று வினவினோம். செயலாளர் நம்மையும், நாம் செயலாளரையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்!

ஐரோப்பியர் கணக்கும் குறையற்றதன்று. பருத்திக்குப் பாய்ச்சிய நீரை எண்ணும் முறை, பாலியெஸ்டர் துணி துவைக்கையில் உதிரும் பிளாஸ்டிக் இழைகளை உரியவாறு எண்ணவில்லை என்று பஞ்சும் கம்பளியும் விளைவிப்போர் முறையிடுகின்றனர். முறையீடு நியாயமென்பதே நம் அபிப்பிராயம். ஆனால் நம் கையில் கணக்கு இல்லாமல் பிறர் கணக்கைக் குறை சொன்னால் யார் கேட்பர்?

சோதனைச் செலவைத் தறிக்காரர் தலையில் கட்டலாகாது. கூலியில் பிடிப்பது கூடவே கூடாது. சாயத்தைச் சான்றுடன் மொத்தமாக வாங்கவும், ஆய்வுக் கட்டணத்தைப் பகிர்ந்து ஏற்கவும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற தலைமைச் சங்கம் முன்வரவேண்டும். சங்கங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: சாய இருப்புப் பதிவேட்டில் சாயத்தின் முழுப்பெயர், தயாரித்தவர், தொட்டி நீர் விடப்பட்ட இடம் என மூன்று பத்திகளைச் சேர்க்கலாம். விதியில் அது இல்லை. எனினும் வரும் தணிக்கை முதல் நாம் அதைக் கேட்க எண்ணியுள்ளோம்.