சாதியைக் கேட்கிறீர்கள், புகையைக் கேட்பதில்லை

தில்லியில் வாடகை அறை தேடும் ஆய்வு மாணவரிடம் வீட்டு உரிமையாளர் கேட்கும் கேள்விகள் நமக்கு மனப்பாடம்: எந்த ஊர், என்ன சாதி, அசைவம் உண்பீர்களா, திருமணம் ஆயிற்றா? இவற்றுள் ஒன்றுகூட அடுத்த அறையில் உறங்குபவரின் நுரையீரலைத் தொடுவதில்லை. அதைத் தொடுவது புகை. அதைப் பற்றிப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை.

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடங்களையே காக்கின்றன. வீட்டு வாசற்படியில் சட்டம் நின்றுவிடுகிறது; புகை நிற்பதில்லை. முனிர்காவிலும் கட்வாரியா சராயிலும் சுவரோடு சுவர் ஒட்டி எழுந்த அடுக்குமாடிகளில் அது கதவிடுக்கிலும் படிக்கட்டிலும் குளியலறைச் சாளரத்திலும் புகுந்து மேலேறுகிறது. 2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகின்றனர். பிறர் புகையில் தீங்கற்ற அளவென ஒன்றில்லை என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் அறிக்கை 2006இலேயே அறுதியிட்டது. சாளரத்தைத் திறப்பதும் விசிறியைச் சுழற்றுவதும் தீர்வாகா.

“வாடகை கொடுத்தபின் அது என் வீடு” என்பார் சிலர். சுவருக்கு அப்பால் வாழ்பவரும் வாடகை கொடுத்தவரே. புகைப்பவருக்கு வீடு மறுக்குமாறு நாம் கோரவில்லை. கட்டடத்துக்குள் புகைக்க வேண்டாம் என்கிறோம். அமெரிக்காவின் பொதுக் குடியிருப்புகளில் 2018 ஜூலை இறுதிமுதல் இதுவே விதி. கட்டடத்தைச் சுற்றி 25 அடிவரை அது பொருந்தும்.

இன்னோர் ஐயம் நியாயமானது: வேவு பார்ப்பதற்கு, குறிப்பாக மாணவியரை, இது மற்றொரு சாக்காகிவிடாதா? ஆகவே விதியின் வடிவம் முதன்மையானது. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அதே கட்டடத்தில் வாழும் உரிமையாளரின் குடும்பத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். புகைக்கத் திறந்தவெளி ஒன்றைச் சுட்ட வேண்டும். 24 மணிநேர முன்னறிவிப்பின்றி உரிமையாளர் உள்ளே நுழையலாகாது என 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் கூறுவதையும் அதில் சேர்க்க வேண்டும்.

உரிமையாளருக்கும் இதில் ஆதாயமுண்டு. மஞ்சள் படிந்த சுவருக்கு மறுபூச்சு, மெத்தையில் விழும் நெருப்பு, நாற்றத்தால் காலியாகக் கிடக்கும் அறை ஆகிய செலவுகள் குறையும்.

சாதி குறித்த கேள்வி மனிதரை விலக்குகிறது. புகை விதி ஒரு செயலை மட்டுமே விலக்குகிறது. முன்னதைக் கேட்கக் கூசாதவர்கள் பின்னதை எழுதத் தயங்குவது ஏன்? அடுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் நாமே அந்த வரியைக் கேட்டுப் பெறுவோம்.