படம் வரைந்தால் டிசைன் ஆகிவிடுமா?

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு பாஸ்போர்ட் ஆட்டோமேஷனும் புக் பேங்க்கும் மறந்திருக்காது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் லேபில் வருடா வருடம் வரும் பயிற்சிகள். யூஸ்கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ், ஸ்டேட் என்று வரிசையாக யூஎம்எல் படங்கள். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்து, கையெழுத்து வாங்கினால் முடிந்தது கதை. பாடத்தின் பெயரில் அனாலிசிஸும் இருக்கிறது, டிசைனும் இருக்கிறது. இப்படி நடக்கும் லேபில் இரண்டுமே இல்லை!

யூஎம்எல் என்பது கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் மூவரும் தங்கள் தனித்தனி முறைகளின் குறியீடுகளை ஒன்றாக்கியதில் பிறந்தது. 1997-ல் ஓஎம்ஜி அதைத் தரநிலையாக ஏற்றது. யோசித்ததை அடுத்தவருக்குச் சொல்ல அது உதவும். யோசிப்பதை யார் சொல்லித் தருவது? நிறுத்தற்குறிகளை மனப்பாடம் செய்தவனுக்குக் கட்டுரை எழுத வந்துவிடுமா?

லைப்ரரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம். அதைக் கணக்கிட வேண்டியது புக் கிளாஸா, மெம்பர் கிளாஸா, லோன் கிளாஸா? எடுத்த தேதியும் கெடு தேதியும் லோனிடம் இருப்பதால் அதனிடமே விடலாம். சரி, நாளைக்கே 'ஆசிரியர்களுக்கு அபராதம் கிடையாது, மாணவர்களுக்கு மூன்று நாள் சலுகை' என்று விதி மாறினால்? விதியைத் தனியாகப் பிரித்து வைத்தவர் ஓரிடத்தில் கை வைப்பார். மற்றவர் நாலு கிளாஸைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார். டிசைன் என்பது இந்த முடிவுதான். மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் மறைத்து வை என்று டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதிவிட்டார். யூஎம்எல் தரநிலையாவதற்கு 25 வருடம் முன்பு!

சொல்லித்தர வழியில்லாமலும் இல்லை. 1989-ல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் சிஆர்சி அட்டைகளை அறிமுகப்படுத்தினார்கள். கிளாஸுக்கு ஒரு அட்டை. அதில் பெயர், பொறுப்புகள், கூட வேலை செய்யும் கிளாஸ்கள். அவ்வளவுதான். நாலு மாணவர்கள் ஆளுக்கொரு அட்டையுடன் உட்கார்ந்து, "இது உன் வேலையா, என் வேலையா?" என்று சண்டை போட்டால் ஒரு மணி நேரத்தில் டிசைனின் ஓட்டைகள் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் லைசென்ஸ் வேண்டாம், கம்ப்யூட்டரே வேண்டாம்.

"வேலையில் யூஎம்எல் கேட்பார்களே?" என்பார்கள். கேட்கட்டும். சண்டை போட்டு முடிவெடுத்தவருக்கு அந்தப் படத்தை வரைய எவ்வளவு நேரம் ஆகும்? முடிவே எடுக்காதவர் வரைந்த படம்தான் வேலைக்கு உதவாது. வேலையில் கிடைப்பது மாறிக்கொண்டே இருக்கும் விதிகள். அதற்கு சீனியர் ரெக்கார்டு கிடையாது.

பாடத்திட்டத்தைக் கூட மாற்ற வேண்டாம், வைவா கேள்வியை மாற்றினால் போதும். "இன்க்ளூடுக்கும் எக்ஸ்டெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்பதற்குப் பதிலாக, "இந்த விதி மாறினால் எத்தனை கிளாஸைத் தொடுவாய், ஏன்?" என்று எக்ஸ்டர்னல் கேட்கட்டும். காப்பி அடித்த ரெக்கார்டில் அதற்கு விடை இருக்காது.