பாட்டியின் வாயையும் பாருங்கள்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், சொல் இருந்தும் அதைக் கேட்க ஆளில்லாதவர்களின் நிலை என்ன?

என் பாட்டிக்கு வயது 73. பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்டு வருகிறார். ஈராண்டுகளுக்கு முன்பு திடீரெனச் சோற்றை ஒதுக்கினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் முனகினார். “பழைய நோய் திரும்பிவிட்டது” என்றே வீட்டில் அனைவரும் எண்ணினோம். நானும்தான். மூன்று வாரம் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகே பல் மருத்துவரிடம் சென்றோம். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய சில நாள்களில் பாட்டி நன்றாகச் சாப்பிட்டார். “வலிக்குதுன்னு அப்பவே சொன்னேனே தம்பி, யாரு கேட்டா?” என்றார். தலை குனிந்தேன்.

மனநோய்க்குத் தரப்படும் மருந்துகள் பல, எச்சில் சுரப்பைக் குறைக்கின்றன. பற்களுக்குக் காவல் எச்சில்தான். வாய் வறண்டதும் முதியவர்கள் இனிப்புத் தேநீரையும் மிட்டாயையும் நாடுகிறார்கள். பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. சில மருந்துகளை நெடுநாள் உண்டால் சிலருக்கு நாக்கும் தாடையும் தாமாகவே அசையக்கூடும். அப்போது பொய்ப்பல் சரியாக நிற்காமல் போகலாம். அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடக் கூடாது.

தமிழ்ப்பள்ளியில் பயின்றபோது, பல் தாதியர் பள்ளிக்கே வந்து எங்களை வரிசையில் நிறுத்திப் பற்களைச் சோதித்தார்கள். அழுதாலும் விடமாட்டார்கள். அத்தாதியருக்கான பயிற்சி பினாங்கில் 1949ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. சிறுவர்களைத் தேடி வந்த அந்த அக்கறை, மனநோயுற்ற முதியவர்களையும் தேடிச் செல்ல வேண்டாமா?

இடைநிலைப்பள்ளியில் ஒருவரையொருவர் கேலி செய்ய ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்போம். 1911இல் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, நம் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. மனநோயாளி சொல்வதெல்லாம் பிதற்றல் என்ற எண்ணம் அங்கேதான் வேர் விடுகிறது.

மனநலக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும்போதே வாயையும் பார்க்கும் வழக்கம் வர வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துப் பட்டியலுடன் அவர்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். தினமும் இருமுறை பல் துலக்கத் துணை நிற்கலாம். இரவில் பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கலாம். அடிக்கடி வெறும் தண்ணீர் கொடுக்கலாம்.

நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, “பாட்டி, பல் வலிக்குதா?” என்று ஒருமுறை கேளுங்கள். பதிலை நம்புங்கள்.