டாக்டருக்கு எதற்குப் பதவி உயர்வு என்று கேட்கும் தோழர்களுக்கு



"லட்சம் லட்சமாய்ச் சம்பாதிக்கிற டாக்டருக்குப் பதவி உயர்வு வரவில்லையாம். அதற்கு நம் பத்திரிகையில் இரண்டு பக்கமா?" இப்படிக் கேட்பவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தொம்மலூரிலிருந்து பஸ் பிடித்து விக்டோரியாவுக்கோ பௌரிங்குக்கோ போய், சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை என்று ஒரு நாள் கூலியைத் தொலைத்துவிட்டு வருகிறவனுக்கு டாக்டர் மீது இரக்கம் எங்கிருந்து பிறக்கும்? ஆனால் அந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று அவன் கேட்டே ஆகவேண்டும். கேட்டால் பதிலில் பாதி, மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் பணிமூப்புப் பட்டியலில் கிடக்கிறது. பணிமூப்புப் பட்டியல் எழுதியே பாதி ஆயுளைக் கழித்த ரயில்வே குமாஸ்தா நான். அந்தப் பாஷை எனக்குத் தெரியும்.

மருத்துவக் கல்லூரி ஏணிக்குப் படி மூன்று: உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து, ஓராண்டு சீனியர் ரெசிடெண்டாக உழைத்தவர் முதல் படியில் கால் வைக்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் போட்ட விதிகளின்படி, அந்தப் படியில் 4 ஆண்டும் 2 ஆராய்ச்சிக் கட்டுரையும் இருந்தால் இணைப் பேராசிரியராகத் தகுதி. அதற்கு மேல் 3 ஆண்டு, மொத்தம் 4 கட்டுரை என்றால் பேராசிரியராகத் தகுதி. கூட்டிப் பார்த்தால் ஏழே ஆண்டு! கேட்க எவ்வளவு இனிப்பாயிருக்கிறது!

தகுதி வேறு, பதவி வேறு, தோழர்களே. மேலே நாற்காலி காலியானால்தானே கீழே இருப்பவர் ஏற முடியும்? தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-ல் 59 ஆயிற்று, 2021-ல் 60 ஆயிற்று. மேலே இருப்பவர் இரண்டு ஆண்டு கூடுதலாக உட்கார்ந்தால், கீழே இருப்பவர் இரண்டு ஆண்டு கூடுதலாக நிற்கிறார். இந்த வியாதி நமக்கும் வந்ததுதான். ரயில்வேயில் மேல் போஸ்ட் காலியாகாமல் ஒரே மேஜையில் நரைத்துப்போனவர்கள் எத்தனை பேர்! அதற்கு மருந்தாகத்தான் 2008-லிருந்து 10, 20, 30 ஆண்டுகளில், போஸ்ட் காலியோ இல்லையோ, சம்பள நிலை உயரும் என்ற ஏற்பாடு வந்தது. நாற்காலியோடு கட்டிப்போடாமல், உழைத்த ஆண்டோடு கட்டும் முறை. கலாசிக்கும் குமாஸ்தாவுக்கும் நியாயமானது டாக்டருக்கு மட்டும் பேராசையா?

நம்மில் பாதிப் பேருக்கு ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். நாம் இங்கே இருக்கிறோம். நம்மைப் பெற்றவர்கள் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பி இருக்கிறார்கள். ஆகவே அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

2009 அக்டோபரில், கருணாநிதி முதல்வராயிருந்தபோது, அரசாணை 354 வந்தது. தமிழ்நாட்டு அரசு டாக்டர்களுக்கு, கல்லூரியில் பாடம் சொல்பவர்கள் உட்பட, காலமுறைப்படி ஊதிய உயர்வு என்றது ஆணை. நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 8 ஆண்டு, 15 ஆண்டு, 17 ஆண்டு, 20 ஆண்டு. நான்காம் ஊதியப் பட்டை என்கிற உயர்ந்த சம்பளத்தைத் தொட 20 ஆண்டு! அதே சமயத்தில் மத்திய சர்க்கார் டாக்டருக்கு, நம் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் உட்பட, கணக்கு 4, 9, 13, 20. நான்காம் பட்டை 13-ஆம் ஆண்டிலேயே கைக்கு வந்துவிடும். ஒரே படிப்பு, ஒரே நோயாளி, ஒரே ஊசி. ஏழு ஆண்டு வித்தியாசம். 5, 9, 11, 12 என்று மாற்றுங்கள் என்பதுதான் தமிழ்நாட்டு டாக்டர்களின் கோரிக்கை. வானத்து நிலாவை யாரும் கேட்கவில்லை.

கேட்டுக் கேட்டுப் பார்த்து, 2019 அக்டோபர் 25-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எடப்பாடி பழனிசாமி சர்க்கார் என்ன செய்தது? வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் காலி என்று அறிவிப்போம் என்றது. 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. நவம்பர் 1-ல் போராட்டத்தை நிறுத்திக்கொண்டு டாக்டர்கள் வார்டுக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்குப் பரிசு? 118 பேருக்கு இடமாற்றம்! எதிர்ப்பவனை ஊர் மாற்றுவது எந்தத் துறையிலும் நிர்வாகத்தின் பழைய பிரம்பு. பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, வயதான தாய் தகப்பன் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் சிதறடிக்கலாம். பதவி உயர்வு கேட்டவனுக்கு ஊர் உயர்வு கொடுத்தார்கள்!

அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி நரசிம்மன். 2020 பிப்ரவரியில் அவர் மாரடைப்பில் மாண்டுபோனார். அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இடமாற்ற உத்தரவுகளை ரத்து செய்தது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

அன்று எதிர்க்கட்சித் தலைவராயிருந்து டாக்டர்களுக்கு ஆதரவு பேசிய ஸ்டாலின் 2021 மேயில் முதல்வரானார். ஜூனில் அரசாணை 293 வந்தது. சில மாதப் படிகளைத் தந்தது. கேட்டது ஏணிப் படி, கிடைத்தது சம்பளப் படி! நான்கு ஆண்டு கழிந்தும், 2025 ஜூனில், அதே 354-ஐத் திருத்தச் சொல்லி டாக்டர்கள் மேட்டூரிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் புறப்பட வேண்டியிருந்தது. எந்தக் கொடி கோட்டையில் ஏறினாலும் கோப்பு அதே அலமாரியில்தான் என்றால், நாம் யாருக்கு வாழ்க என்று கத்துவது?

ஓர் உயிர் போனபின் சர்க்கார் வெட்கப்பட்ட காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1972 மேயில் டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானி வினோத் ஷா, உத்தியோக விஷயத்தில் தமக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லி உயிரை மாய்த்துக்கொண்டார். நாடாளுமன்றமே கொந்தளித்தது. கஜேந்திரகட்கர் தலைமையில் கமிட்டி போட்டார்கள். 1973-ல் விஞ்ஞானிகளுக்குத் தனித் தேர்வு வாரியம் அமைந்தது, 1975-ல் தனிப் பணி முறையே வந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை வேலையை மதிப்பிட்டு, போஸ்ட் காலியில்லாவிட்டாலும் மேலே ஏற்றினார்கள். முடியாத காரியம் என்று எவராவது சொன்னால் இந்த வரலாற்றை எடுத்துக் காட்டுங்கள்.

சரி, ஏணி அடைபட்டால் நோயாளிக்கு என்ன? எம்.டி. முடித்த இளைஞன் கணக்குப் போடுகிறான். அரசுக் கல்லூரியில் 20 ஆண்டு காத்திருப்பதா, பழைய விமான நிலைய ரோட்டிலே கண்ணாடிக் கட்டிடத்து ஆஸ்பத்திரியில் நாளைக்கே சேர்வதா? அவன் போய்விடுகிறான். போன இடம் காலி. காலியிடத்தில் ஒப்பந்த டாக்டர், அல்லது யாருமில்லை. இருக்கிற ஒருவரே காலையில் வெளி நோயாளி, பகலில் வகுப்பு, இரவில் ஆபரேஷன். நடுவே கட்டுரையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பதவி உயர்வில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நின்றதற்கு மதிப்பெண் கிடையாது. பத்திரிகையில் பெயர் வந்தால் மதிப்பெண். ஆராய்ச்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற பத்திரிகைகளும், எழுதாதவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் எங்கிருந்து முளைத்தன என்றுதான் கேட்கிறேன்.

தனியார் கல்லூரிகளின் கதை இன்னும் அழகு. ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் ஆசிரியர் வருவார். பெயர் பட்டியலில், ஆள் வேறு ஊரில். ஆணையம் விரல் ரேகை கேட்டது, 2025-ல் முகத்தையே காட்டச் சொன்னது. அதே 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் ஒரு தனியார் கல்லூரிக்குச் சாதகமான அறிக்கை தர 55 லட்சம் ரூபாய் லஞ்சம் என்று, ஆய்வுக்குப் போன மூன்று டாக்டர்கள் உட்பட ஆறு பேரைச் சி.பி.ஐ. கைது செய்தது. பணம் கைமாறிய இடம் நம் பெங்களூர் என்பது குற்றச்சாட்டு. முகத்தைப் படம்பிடிக்கிற கருவிக்குப் பணப்பெட்டி தெரியாதுபோலும்!

2025-ல் ஆணையம் இன்னொரு கதவையும் திறந்தது. 220 படுக்கைக்கு மேலுள்ள அரசு ஆஸ்பத்திரியைப் போதனை நிலையமாக்கலாம். அங்கே 10 ஆண்டு வேலை பார்த்த நிபுணர் இணைப் பேராசிரியராகலாம். வார்டில் நின்ற ஆண்டுகளைக் கடைசியில் ஒருவழியாக எண்ணியிருக்கிறார்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் நோக்கம் என்ன? ஐந்தாண்டில் 75,000 புது இடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தாகிவிட்டது. பாடம் சொல்ல ஆள் வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டருக்கு வகுப்பையும் கொடுத்துவிட்டு, நோயாளியைப் பார்க்கப் புதிய ஆள் போடாவிட்டால், பேனாவால் பேராசிரியரை உண்டாக்கியது தவிர வேறென்ன?

ஏணியின் உச்சியில் இன்னொரு பூட்டும் தொங்குகிறது. 2013 ஜூலையில், எய்ம்ஸ் ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் இருந்த ஐவர் பெஞ்ச், உயர் சிறப்பு ஆசிரியப் பதவிகளுக்கு இட ஒதுக்கீடு கூடாது என்றது. திறமை கெட்டுவிடுமாம்! அதே எய்ம்ஸில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் படும் பாட்டைத் தோரட் கமிட்டி 2007-லேயே எழுதி வைத்திருக்கிறது. யாருடைய திறமையை யார் எடை போடுவது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கீழே இருந்து ஏறுகிறவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட்ட தீர்ப்பும் உண்டு: 2020 ஆகஸ்டில், கிராமத்தில் சேவை செய்யும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கை நடத்தியது தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர் சங்கம்.

டாக்டர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்த ஒப்பந்த நர்சுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் குந்தியிருந்தபோது உங்களில் எத்தனை பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்? உங்கள் வார்டைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் உங்களுக்குத் தெரியுமா? மாலையில் சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர் காலையில் உரிமை பேசினால் ஜனங்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். இதனால் உங்கள் கோரிக்கை பொய்யாகிவிடாது. ஆனால் துணைக்கு ஆள் வராமல் போகும்.

இனி நம் வேலை. விக்டோரியா, பௌரிங், இந்திராநகர் இ.எஸ்.ஐ. மூன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட வேண்டும். அனுமதிக்கப்பட்ட டாக்டர் பதவிகள் எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, கடைசியாக எந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியல் வெளியானது என்று கேட்போம். கர்நாடக விதியில் ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது; ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகத் தனித்தனி மனு. கட்டணம் பத்து ரூபாய். கன்னடத்தில் நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் வேண்டும். உங்கள் வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.