ரோமும் அரிக்கமேடும் நம் பிள்ளைகளும்

 

திருக்குர்ஆனின் 30ஆவது அத்தியாயத்தின் பெயர் 'அர்ரூம்'. ரோமர்கள் என்பது அதன் பொருள். கி.பி. 614இல் பாரசீகரிடம் ஜெரூசலத்தை இழந்த கிழக்கு ரோமர்கள், சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்று அந்த அத்தியாயம் முன்னறிவித்தது. 622இல் பேரரசர் ஹிரக்ளியஸ் எதிர்ப்படையெடுப்பைத் தொடங்கினார். 627இல் நினிவேக்கு அருகே பாரசீகப் படை முறிந்தது. இவ்வரலாற்றை நம் மக்தப்களில் ஓதும் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால், அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய ரோமப் பேரரசின் தடயம், வில்லியனூர், பாகூர் மக்கள் அரை நாளில் சென்று திரும்பக்கூடிய அரிக்கமேட்டில் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

"அது ஜாஹிலிய்யாக் காலத்து மண்மேடு, மார்க்கம் கற்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?" என்று கேட்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அதே அத்தியாயத்தின் 9ஆவது வசனமே விடையளிக்கிறது. பூமியில் பயணம் செய்து, நம்மைவிட வலிமை மிக்கவர்களாக இருந்து, நிலத்தைப் பண்படுத்தி வாழ்ந்த முன்னோரின் முடிவைக் காணுமாறு அது அழைக்கிறது. வசனத்தை மனனம் செய்யும் பிள்ளை, அது சுட்டும் படிப்பினையைக் கண்ணாலும் காண வேண்டாமா?

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடற்பயண நூல் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பாணியில் அமைந்த, குயவர் முத்திரையிட்ட செந்நிறக் கலங்களின் ஓடுகளும், திராட்சை மதுவும் எண்ணெயும் வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அவற்றுடன் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், இங்கேயே செய்யப்பட்ட கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைத்தன. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுவதாக ரோம அறிஞர் பிளினி அக்காலத்திலேயே வருந்தி எழுதினார்.

வீலர் இவ்விடத்தை இந்திய ரோமானிய வணிக நிலையம் என்று அழைத்தார். ரோமரால் உருவான ஊர் என்ற எண்ணம் அதனால் பரவியது. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு வேறொரு சித்திரத்தைத் தந்தது. ரோமக் கலங்கள் வந்திறங்குவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர். அவ்வணிகம் தளர்ந்த பின்னும் வாழ்ந்தனர். கப்பல் வந்ததால் ஊர் பிறக்கவில்லை. இங்கே ஊரும் உழைப்பும் இருந்ததால்தான் கப்பல் வந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் குடும்பங்களில் சிலர், அரபு நாட்டிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லிக்கொள்வதையே பெருமையாகக் கருதுகின்றனர். இம்மண்ணில் உழுதும் நெய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்து இஸ்லாத்தை ஏற்ற முன்னோரைப் பற்றிப் பேசத் தயங்குகின்றனர். திருமணப் பேச்சு வரும்போது இந்தத் தயக்கம் உயர்வு தாழ்வாக மாறிவிடுகிறது. பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு அரபு வணிகர்கள் தமிழகக் கரைக்கு வந்தது உண்மை. அவர்களை வரவேற்று, அவர்களிடம் மார்க்கத்தைக் கேட்டு ஏற்றவர்கள் இம்மண்ணின் மக்கள் என்பதும் உண்மையே. அல்லாஹ்விடம் மேன்மைக்கு அளவுகோல் இறையச்சமே அன்றி வம்சமன்று. வந்தவர் புகழை மட்டும் பாடி, இருந்தவரை மறப்பது அரிக்கமேட்டுக்கும் அநீதி. நம் பாட்டன் பாட்டிமாருக்கும் அநீதி.

ஆகவே, வரும் விடுமுறையில் ஒவ்வொரு மஹல்லாவும் ஓதும் பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடின்றி, அரிக்கமேட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. மேட்டில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் இடிந்த சுவர்கள், மரங்கள், ஆறு, அவ்வளவுதான். பேரரசின் கலங்கள் இறங்கிய இடத்தில் எஞ்சியிருப்பது இவ்வளவே என்பதுதான் பிள்ளைகள் காண வேண்டிய படிப்பினை. அங்கு கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காட்டலாம்.

செல்லுமுன் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மழைக்குப் பின் மண்ணில் மணியோ ஓடோ தென்பட்டால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்குள்ளவை பின்வரும் தலைமுறைக்கும் உரிய அமானிதம். அமானிதத்தைப் பேணுவதும் ஈமானின் பகுதியே.

அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியையும், முன்சென்றோரின் வாழ்விலிருந்து படிப்பினை பெறும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.