காலி நாற்காலிக்குப் பழகிப்போனோம்

இது நீளமான பதிவு. என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள், இதற்குப் பத்து நிமிடம் தரலாம்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த பேச்சைப் படித்தேன். "அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே ஜனநாயகம் ஆட்டம் கண்டுவிட்டது. நமக்கெல்லாம் எதற்கு இத்தனை தேர்தல்? கவுன்சிலரே வேண்டாம், நேர்மையான அதிகாரி ஒருவர் போதும்" என்று ஒருவர் எழுதினார். நிறையப் பேர் கைதட்டிவிட்டுப் போனீர்கள். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கருத்து தவறு மட்டுமல்ல, ஆபத்தானது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மக்கள் கட்சி மாறி ஓட்டுப் போட்டால் ஜனநாயகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 2016-இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலத் தொழிலாளர்கள் பலர் பழைய கட்சியை விட்டார்கள். 2019 டிசம்பரில் வட இங்கிலாந்தின் பழைய சுரங்கத் தொகுதிகள் பல தொழிற்கட்சியைக் கைவிட்டன. உங்களுக்கு இது உலக அதிசயமாகத் தெரிகிறது. நாம் இதை எப்போதோ பார்த்தவர்கள். 1967-இல் விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கட்சி தொடங்கி ஏழே மாதம் ஆன அ.தி.மு.க. ஜெயித்தது. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. வானம் இடிந்து விழவில்லை. தோற்றவர்கள் முடிவை ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த தேர்தலுக்குக் கொடி கட்டினார்கள். மக்கள் மனம் மாறுவது ஜனநாயகத்தின் மூச்சு.

அப்படியானால் நோய் எது? மக்கள் தேர்ந்தெடுத்தவர் உட்கார வேண்டிய நாற்காலியைக் காலியாக வைப்பதும், அதற்கு மக்கள் பழகிப்போவதும்தான்.

பத்தாம் வகுப்பில் ஹிட்லர் பாடம் நடத்தும்போது 1933-இல் ஆரம்பிப்போம். அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததுதான் முக்கியம். ஜெர்மனியின் மக்கள்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கொண்ட மாநிலம் பிரஷ்யா. 1932 ஜூலை 20 அன்று அவசர ஆணை ஒன்றைக் காட்டி, அந்த மாநில அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இடத்தில் மத்திய அரசின் ஆணையர் உட்கார்ந்தார். நம்மூர்ப் பாஷையில் சொன்னால் தனி அலுவலர். பெரிய எதிர்ப்பு ஏதும் எழவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது பிரஷ்யாவின் போலீஸ் அப்படியே கோரிங் கைக்குப் போனது. பூட்டை உடைக்க வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. கதவை முன்னாலேயே வேறொருவர் திறந்து வைத்திருந்தார்.

இப்போது மதுரைக்கு வருவோம். நம் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. ஐந்து வருஷம் நாலு மாதம் நூறு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் 1993-லிருந்து சொல்கிறது. 2016-இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பிறகு வார்டு வரையறை, புது மாவட்டம் என்று அ.தி.மு.க. அரசு காலத்தை இழுத்தது. இரண்டு பக்கமும் சட்டக் காரணம் இருந்தது. இல்லாமல் போனது நாம்தான்.

அந்த ஐந்து வருஷத்தில் மதுரையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. மாசி வீதிகளைத் தோண்டினார்கள். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். நகரத்தின் முகத்தையே மாற்றிய வேலைகள். எந்த வீதியை முதலில் தோண்டுவது, எத்தனை மாதத்தில் மூடுவது, தள்ளுவண்டிக்காரர் எங்கே போவது என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு ஆள் இல்லை. மன்றத்தின் அதிகாரமும் ஆணையரின் கையிலேயே தனி அலுவலர் என்ற பெயரில் இருந்தது. தீர்மானம் கொண்டுவருபவரும் அவரே, ஏற்பவரும் அவரே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம் "ஏன்?" என்று கேட்கும் உரிமை படைத்தவர் அந்த அறையில் யாருமில்லை.

வரிக் கதையைப் பாருங்கள். 2018 ஜூலையில் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரியை ஏற்றினார்கள், குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் வரை. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். தேர்தல் வாசனைக்கே வரி இறங்கியது! பிறகு ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் மறுபடியும் வரி ஏறியது. கட்சி வேறு, கணக்கு ஒன்று. ஓட்டுக்கு அரசியல்வாதி பயப்படுகிறார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு இரட்டை வேடமும் இருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று டெல்லி நம் மாநில அரசைக் கலைத்தது. 17 மாதம் சட்டமன்றம் இல்லை. அதை இன்றும் மேடைக்கு மேடை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஊராட்சித் தேர்தல் 1970-க்குப் பிறகு 1986-இல்தான் நடந்தது, அதற்குப் பிறகு 1996-இல். இடையில் எத்தனை முதலமைச்சர்கள், எத்தனை கூட்டணிகள்! டெல்லி நம் கழுத்தைப் பிடித்தால் மாநில உரிமை என்கிறோம். சென்னை கிராமத்தின் கழுத்தைப் பிடித்தால் அதற்குப் பெயர் நிர்வாகக் காரணம்.

"சார், கவுன்சிலர்கள் எல்லாரும் கமிஷன் பேர்வழிகள்" என்பீர்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2025-இல் மதுரை மாநகராட்சிச் சொத்துவரி முறைகேட்டு வழக்கு ஊரையே உலுக்கியது. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். ஆனால் அந்த வழக்கில் அதிகாரிகளும் ஊழியர்களும்கூடக் கைதானார்கள். அதிகாரி என்றால் நேர்மை, கவுன்சிலர் என்றால் திருட்டு என்ற உங்கள் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. கவுன்சிலரை மன்றத்தில் கேள்வி கேட்கலாம், தெருவில் மறிக்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். தனி அலுவலரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பீர்கள்?

"அந்தப் பதவியில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் மேலூர்ப் பக்கம் போய் வாருங்கள். 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் உட்கார்ந்த முருகேசனையும் அவருடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல், இந்த நான்கு ஊர்களிலும் பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரையும் நிலைக்க விடவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனு வராது. மீறி ஒருவர் ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. அதிகாரிகளின் உண்மையான வேலை அதுதான், நாற்காலியில் மக்களை உட்கார வைப்பது. தாங்களே உட்கார்வதல்ல.

படித்த நீங்கள் "ஒன்றுமில்லை" என்று ஒதுக்கும் பதவிக்காக ஆறு பேர் உயிர் போயிருக்கிறது. அதன் மதிப்பு கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறிகொடுத்தவர்களுக்கும் தெரியும். சம்பளமும் விசாவும் வந்த பிறகு நமக்குத்தான் மறந்துபோனது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்ததை டிவியில் பார்த்து, எல்லாம் முடிந்தது என்றீர்கள். அதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததையும் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தின் முடிவை மாற்ற 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கும்படி அதிபரே தொலைபேசியில் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் அதே கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலாளர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் மறுத்துவிட்டார். மாவட்ட அளவில் ஓட்டு எண்ணிய சாதாரண ஊழியர்களும் மிரட்டலுக்கு நடுவே எண்ணி முடித்தார்கள். மேல்மாடி ஆடியபோது கீழ்த்தளம் தாங்கியது. நம் கீழ்த்தளத்தைத்தான் நாமே செங்கல் செங்கலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜனவரி 5 அன்று மதுரை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். இந்த முறை ஆட்சியில் இருந்தது வேறு கட்சி, அவ்வளவுதான். உங்களில் எத்தனை பேர் அதைச் செய்தியாகக் கவனித்தீர்கள்? வாஷிங்டன் பற்றி உங்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. உங்கள் அப்பா குடியிருக்கும் ஊராட்சியில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று தெரியாது.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். ஊரில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்கு நேரில் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாட்கள்தான், சாக்குச் சொல்ல முடியாது. வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். "தேர்தல் எப்போது?" என்று எழுந்து கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், "உள்ளாட்சித் தேர்தலை உரிய தேதியில் நடத்துவீர்களா?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றிரவு அம்மாவுக்குப் போன் போடும்போது வார்டு நம்பரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீழே கமெண்டில் அவரவர் வார்டு எண்ணையும், கவுன்சிலரோ தனி அலுவலரோ, அவர் பெயரையும் எழுதுங்கள். கூகுளைப் பார்த்து எழுதக் கூடாது. மார்க் போடுவேன்.