காத்து மேல பழி போடாதீங்க

ஆடி மாசம் சைக்கிளை எடுத்தா எங்க ஊர்ல கேக்குற மொத கேள்வி, "ஏண்ணே, வண்டி ரிப்பேரா?" சும்மா ஜாலிக்குத்தான்னு சொன்னா, "இந்தக் காத்துலயா, விழுந்து வைக்காதீங்க"ன்னு புத்தி சொல்றாங்க.

மக்களே, காத்து நல்லவன். விருதுநகர்ல இருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியா சிவகாசி தென்மேற்குப் பக்கம். ஆடிக்காத்தும் அங்கிருந்துதான் வருது. போறப்ப மூஞ்சியில அறையும், திரும்புறப்ப முதுகுல கைவச்சுத் தள்ளிவிடும். அந்தச் சுகத்துக்கே போகலாம்.

வில்லன் காத்து இல்ல, ஒட்டி உரசிப் போற பஸ்ஸும் லாரியும்தான். அது மறைக்கிறப்ப ஒரு நொடி காத்து அடங்கும், மறுநொடி பளார்னு அடிக்கும். ஹேண்டில்பார் ஆடும். அந்த ஆட்டத்துக்கு ரெண்டு முழம் இடம் வேணும். எங்க இருக்கு?

2001-02ல ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம் இன்னிக்கும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓடுது. அருமையான திட்டம், மறுக்கல. ஆனா சைக்கிளைக் குடுத்துட்டு ஓட்ட ரோடு குடுக்கலைன்னா என்ன நியாயம்? எனக்கு இது பொழுதுபோக்கு, பயந்தா வீட்ல உக்காந்துக்குவேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயாகணும்ல?

அடுத்த தடவை ரோட்டை அகலப்படுத்துறப்ப ஓரத்துல நாலடி சைக்கிளுக்குன்னு விடுங்கய்யா. காத்தை நாங்க பாத்துக்கிறோம்.